லோரன்ஸ் தனக்கே பூட்டிக்கொண்ட கதவு

கொட்டகலை பஜாரில் இருக்கும் என் புத்தகக் கடையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதியை லோரன்சுக்குக் கொடுத்துப் பதினோரு வருடமாகிறது. பலகை நெஞ்சு உயரத்துக்குத்தான். அதற்கு மேலே வெறும் காற்று. ஆகவே இந்தப் பதினோரு வருடத்தில் லோரன்ஸ் யார் யாரை என்னென்ன சொல்லித் திட்டினான் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது.

அவன் கம்ப்யூட்டர் திருத்துகிறவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் கொண்டு வருகிறவர்களைத் திட்டுவதுதான் அவன் தொழில் என்றும், திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கை சும்மா இராமல் கம்ப்யூட்டரைத் திருத்திவிடுகிறது என்றும் சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஆள் ஒல்லி. ஐம்பது வயது. மழைக்காலமோ வெயில்காலமோ ஒரே பச்சை ஸ்வெட்டர். அவனுடைய அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற மெஷினோடு முப்பது வருடம் நின்றவர். லோரன்ஸ் உயர்தர வகுப்பில் கணக்குப் படித்து, ஒரு பாடத்தில் தவறி, கொழும்புக்குப் போய் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் ஒபிசில் பதினாலு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். அங்கே யாரும் தன்னை மதிக்கவில்லை என்பது அவன் கட்சி. அங்கே அவன் யாரை மதித்தான் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது ஒரு பழைய மடிக்கணினியும், உலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்ற முடிவும் கையில் இருந்தன.

அந்தப் பழைய மடிக்கணினி ஊருக்கு வந்த மூன்றாம் மாதம் ஆமையாகிவிட்டது. இரண்டு நாள் முட்டி மோதி அதில் லினக்ஸ் போட்டான். அது ஓடியது. அன்றிலிருந்து அவனுக்கு அது மதம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகத் தவறினாலும் தவறுவான், லினக்சைப் பற்றி ஒரு நாள் பேசாமல் இருக்க மாட்டான். தெரியாதவர்களுக்கு அவன் கொடுக்கும் விளக்கம் எனக்கு மனப்பாடம்.

“கம்ப்யூட்டர ஓட வைக்கிற சாமான். விண்டோஸ் இருக்குல்ல, அது மாதிரி. ஆனா சும்மா கெடைக்கும். திருட்டுக் கொப்பி போடத் தேவையில்ல. ஒங்க பென்டிரைவ்ல நீங்க ஊர் ஊரா சுமந்துக்கிட்டுத் திரியிற வைரஸ் எல்லாம் இங்க வந்தா பட்டினி கெடந்து சாகும். வெளங்கிச்சா? வெளங்கியிருக்காது.”

டொலர் ஏறிய வருடத்தில் அவனுக்கு நல்ல காலம். புதுக் கம்ப்யூட்டர் வாங்க யாருக்கும் வசதியில்லை. பத்து வருடத்துப் பெட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பஸ்ஸில் வந்தார்கள். லோரன்ஸ் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் போட்டான். பெட்டிகள் ஓடின. பிறகுதான் கேள்விகள் ஆரம்பமாயின.

கேள்வி கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுப் படம் பிடிக்கிற ஒருவர், விண்டோசுக்கென்று செய்த புரோகிராம் ஒன்றை நாற்பது தடவை தட்டிப் பார்த்துவிட்டு, மௌஸ் பழுதென்று மௌசைத் திருத்தக் கொண்டு வந்தார். ஒரு பிரிண்டரை வயர் குத்தாமலே ஒரு வாரம் வைத்து, லினக்சில் பிரிண்டர் வேலை செய்யாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் இன்னொருவர். “சீ டிரைவ் எங்க போச்சு?” என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்பார்கள், வீட்டில் பானை காணாமல் போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

டியூசன் வகுப்பு நடத்தும் ஜெயகாந்தன் மாஸ்டர் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“லோரன்ஸ், நான் இருவது வருசமா சேத்து வச்ச கேள்வித்தாள் எல்லாம் போச்சு. தெறந்தா பூரா ஏதோ கோணல் எழுத்தா இருக்கு. ஒன்னோட லினக்ஸ் என் தமிழ அழிச்சிருச்சு.”

லோரன்ஸ் திரையைப் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்தான். பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் லோரன்சுக்குச் சைகை காட்டினேன், ஏனென்றால் மாஸ்டர் என் கடையில் கொப்பி, அதாவது எழுதுகிற நோட்டு, வாங்குகிறவர்.

“அழிக்கல மாஸ்டர். நீங்க இருவது வருசமா அடிச்சது தமிழே இல்ல. இங்கிலீஷ் எழுத்த அடிச்சு, அது மேல பாமினிங்கிற தமிழ்ச் சட்டைய மாட்டி வச்சிருக்கீங்க. இங்க அந்தச் சட்டை இல்ல. அம்மணமா நிக்குது. அத்தன வருசம் படிப்பிச்சீங்களே, ஒரு நாளாவது சட்டைக்குள்ள யாரு இருக்கான்னு பாத்தீங்களா?”

பாமினி எழுத்துருவை அதே நிமிடத்தில் போட்டுக் கொடுத்தான். கேள்வித்தாள்கள் தமிழாயின. மாஸ்டர் நன்றி சொல்லாமல் போனார். அதற்குப் பிறகு கொப்பியும் அட்டனில்தான் வாங்குகிறார்.

“வாசிங்க!” என்பதுதான் லோரன்சின் வாயில் எப்போதும் இருக்கும் சொல். “திரையில என்னா எழுதியிருக்குன்னு வாசிங்க. கம்ப்யூட்டர் ஒங்ககிட்ட பேசுது. அது மனுசன விட ஒழுங்கா பேசுது. நீங்கதான் கண்ண மூடிக்கிட்டு ஆமா ஆமான்னு அமத்திட்டு, பொறகு எங்கிட்ட வந்து அழுவுறீங்க.” இதைப் பெரிய எழுத்தில் தாளில் அடித்துச் சுவரிலும் ஒட்டியிருந்தான். யாரும் வாசிக்கவில்லை.

கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பிறரை மட்டம் தட்டுவதைத் தவிர வேறு சந்தோசம் தெரியாத மனிதன், அவ்வளவுதான். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சாராயம். இவனுக்கு இது.

வெள்ளைப்பாறைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவின் பிள்ளை மடுவத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது போன வருடம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளை மடுவம். இப்போது அதற்குச் சிறுவர் நிலையம் என்று பலகை எழுதிப் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி. அதைக் கொடுப்பதற்கு இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். நாடா வெட்டினார்கள். ஐந்து பேர் பேசினார்கள், ஐந்து பேரும் “தொழில்நுட்ப யுகம்” என்றார்கள். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வேன்கள் போன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால், அதில் இருந்த விண்டோஸ் தன் காலம் முடிந்துவிட்டதென்று கறுத்த திரையில் அறிவித்துக்கொண்டிருந்தது. நாடாவுக்குக் கொடுத்த காசுக்கு ஒரு நல்ல மௌசாவது வாங்கியிருக்கலாம்.

மடுவத்துக்குப் பொறுப்பான டீச்சர் தனுஷிகா. இருபத்தாறு வயது, அதே தோட்டத்துப் பிள்ளை. பெட்டியைத் தாவணியில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் லோரன்சிடம் கொண்டு வந்தது அவள்தான். அவன் லினக்ஸ் போட்டான். போட்டதோடு, இன்னொரு காரியமும் செய்தான். வெள்ளைப்பாறைக்குப் பஸ் ஒரு நாளைக்கு மூன்று தரம்தான், கொத்மலைப் பக்கம் வளைந்து வளைந்து பதினொரு கிலோமீட்டர் போக வேண்டும். அந்த மலையில் ஏறி இறங்க அவனுக்கு மனமில்லை. ஆகவே, கொட்டகலையில் தன் மேசையில் உட்கார்ந்தபடியே இணையத்தின் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய் வேலை செய்ய ஒரு வழி போட்டு வைத்தான்.

“நீங்க ஒன்னும் தொடத் தேவையில்ல,” என்றான் தனுஷிகாவிடம். “தொடாம இருந்தாலே பெரிய ஒதவி. நான் இங்க இருந்து எல்லாம் பாத்துக்குவேன்.”

“நான் என்னா செய்யணும்னு ஏதும் இருந்தா சொல்லித் தாங்க சார். எழுதிக்கிறேன்.”

“சுவிட்சப் போடுங்க. சுவிட்ச நிப்பாட்டுங்க. எழுதிக்கிட்டீங்களா?”

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பெட்டியைத் திரும்பத் தாவணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இந்தக் கார்த்திகையில் ஒன்பது நாள் விடாத மழை. அந்த ஒன்பது நாளில் ஒரு திங்கட்கிழமை பகல், தனுஷிகா லோரன்சுக்குப் போன் எடுத்தாள். அவன் எப்போதும் போனை மேசையில் போட்டு, ஸ்பீக்கரில்தான் பேசுவான், கை இரண்டும் வேலையில் இருக்கும். ஆகவே எனக்கும் கேட்டது.

“சார், நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள புள்ளைகளோட நிறை லிஸ்ட் சுகாதார ஒபிசுக்கு மெயில்ல அனுப்பணும். அறுபத்தி மூனு புள்ளைங்க. பிந்துனா அடுத்த மாசச் சத்து மா பிந்தும்னு சொல்லியிருக்காங்க. திரையில ஏதோ அப்டேட் இருக்குன்னு காட்டுது. நாளைக்கு லிஸ்ட் போற வரைக்கும் ஒன்னும் செஞ்சிறாதீங்க சார்.”

“அப்டேட்ட எப்ப செய்யணும்னு இனி புள்ளை மடுவத்துல கேட்டுத்தான் நான் செய்யணுமா?”

“இல்ல சார், இங்க அடிக்கடி கரண்டும் போகுது...”

“ஒங்க வேலைய நீங்க பாருங்க டீச்சர். எம் வேலைய நான் பாக்குறேன்.”

போனை வைத்ததும் அப்டேட்டை ஆரம்பித்தான். அந்த வேலையை அன்று செய்ய அவனுக்கு ஒரு காரணமும் இல்லை, செய்யாதே என்று ஒருத்தி சொன்னதைத் தவிர. திரையின் ஒரு ஜன்னலில் மடுவத்துக் கம்ப்யூட்டரின் பழைய கோப்புகளை எடுத்துப் புதியதை வைக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு ஜன்னலைத் திறந்து, வெளியாள் யாரும் உள்ளே வராமல் தடுக்கும் காவலைப் போடப் போனான். அன்று காலையில்தான் எங்கோ அதைப் பற்றிப் படித்திருந்தான். எனக்கும் விளக்கம் சொன்னான். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது, இவன் ஒரு பொத்தானைத் தட்டினான், இரண்டு ஜன்னலும் அப்படியே உறைந்துவிட்டன.

லோரன்ஸ் திரும்பத் திரும்பத் தட்டினான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

“என்ன லோரன்ஸ்?” என்றேன்.

“சிக்னல் போயிருச்சு நானா. மழை.” முஸ்லிம் கடைக்காரனை இங்கே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

மழைமேல் பழியைப் போட்டுவிட்டு அன்று வழக்கத்துக்கு முன்பே கடையைச் சாத்தினான். அங்கே மடுவத்தில் தனுஷிகாவுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் போனதும் நான்கு மணிக்கு வழக்கம்போலச் சுவிட்சை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் போன் அடித்தது.

“சார், கம்ப்யூட்டர் கறுப்பா இருக்கு. படம் ஒன்னும் வரல. வெள்ளை எழுத்துல ரெண்டு வரி இருக்கு. பேரு கேக்குது.”

பச்சை ஸ்வெட்டரின் கையை முழங்கை வரை இழுத்துவிட்டான், பிறகு கீழே இழுத்துவிட்டான். தன் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே போகப் பார்த்தான். போக முடியவில்லை. இன்னொரு தரம். முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து பஸ் நிலையத்துக்கு ஓடினான். கால் மணி நேரத்தில் நனைந்துபோய்த் திரும்பி வந்தான். விடியற்காலையில் வெள்ளைப்பாறைக்கு ஏறும் வளைவில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது. பஸ் இல்லை, ஓட்டோவும் போகாது.

முந்திய நாள் என்ன நடந்தது என்று அவனுக்கு அப்போது விளங்கியிருந்தது. எனக்கு அது பிறகுதான் விளங்கியது. அவன் போட்ட காவல் வெளியாட்களைத் தடுத்தது. அவனும் வெளியாள்தான். தனக்கு மட்டும் வழி விடச் சொல்லிக் காவலுக்குச் சொல்ல மறந்துவிட்டான். ஆகவே காவல் வந்த நொடியிலேயே அவனையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. அவன் வெளியே விழுந்ததும், பாதியில் ஓடிக்கொண்டிருந்த அப்டேட் வேலையும் செத்துவிட்டது. வீட்டின் பாதிக் கூரையைப் பிரித்துவிட்டு ஓடிப்போன ஆசாரி மாதிரி.

வேறு வழியில்லை. தனுஷிகாதான் அதைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும், அவன் போனில் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு தொல்லை. மடுவத்துக்குள்ளே போன் சத்தம் விட்டு விட்டுத்தான் வரும். வாசலில் நின்றால் தெளிவாக வரும். வாசலில் நின்றால் கம்ப்யூட்டரைத் தட்ட முடியாது. ஆகவே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா காளியாயி வாசலில் குடையோடு நின்று, லோரன்ஸ் சொல்வதைக் கேட்டு உள்ளே கத்துவதென்று முடிவானது. காளியாயிக்கு அறுபது வயதிருக்கும். நாற்பது வருடம் கொழுந்தெடுத்து, மலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அந்தக் குரலுக்கு லோரன்சின் மேசையில் போன் அதிர்ந்தது.

“மொதல்ல பேரும் பாஸ்வேர்டும் அடிக்கச் சொல்லுங்க,” என்றான் லோரன்ஸ்.

காளியாயி சொன்னாள். கொஞ்ச நேரம் மழைச் சத்தம். பிறகு, “பாஸ்வேட்டு அடிச்சா எழுத்து ஒன்னும் விழலியாம். தட்டுற பலகை பழுதான்னு டீச்சரு கேக்குறாங்க.”

“பழுதில்ல! விழாது! பாஸ்வேர்ட் மறைவா இருக்கணும்ல, அதனால விழாது. கண்ண மூடிக்கிட்டு அடிச்சு எண்டரத் தட்டச் சொல்லுங்க. இதக் கூடவா ஒரு ஆளு சொல்லணும்? மாட்டுக்கு ஒரு தரம் சொன்னா வெளங்கும்.”

காளியாயி உள்ளே திரும்பி ஒரு சொல்லும் விடாமல் கத்தினாள். “டீச்சர், எழுத்து விழாதாம், மறைவா இருக்குமாம், அடிச்சிட்டு எண்டரத் தட்டணுமாம்! மாட்டுக்கு ஒரு தரம் சொன்னா வெளங்கும்னு சொல்றாரு!”

பிள்ளைகளை விட வந்து, மழைக்கு அங்கேயே ஒதுங்கி நின்ற தாய்மார் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அவர்களுடைய சிரிப்பு போனில் கேட்டது.

“அத ஏன் சொல்றீங்க!” என்றான் லோரன்ஸ்.

“நீ சொன்னதத்தான சொல்லச் சொன்னாங்க?”

அவன் பல்லைக் கடித்தான். “சரி. இப்ப நான் சொல்ற எழுத்த ஒவ்வொன்னா சொல்லுங்க. எஸ். யூ. டி. ஓ.”

சொன்னாள்.

“ஒரு எடைவெளி. பொறகு, டி!”

மறுமுனையில் பேச்சில்லை.

“கேக்குதா? டி!”

“என்னாது?” என்றாள் காளியாயி. “யாரப் பாத்து டி போடுற?”

“ஐயோ, அது எழுத்து! இங்கிலீஷ் எழுத்து டி!”

“எழுத்துன்னா மெதுவா சொல்லு. எம் புருசனே என்னைய டி போட்டதில்ல. ஏப்பா லோரன்சு, ஒங்கப்பா எங்க தோட்டத்து ஸ்டோர்ல கத்துவாரு, எனக்குத் தெரியும். மெஷின் சத்தத்துல ஆளுக்குக் காது கேக்காது, அதுக்குக் கத்துனாரு. ஒனக்கு என்னா கேடு?”

நான் பென்சில் பெட்டிகளை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். என் முகத்தை அவன் பார்ப்பது நல்லதாகத் தோன்றவில்லை. லோரன்ஸ் தொண்டையைக் கனைத்தான். பிறகு, பதினோரு வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். டி, பி, கே, ஜி. இடைவெளி. இரண்டு சின்னக் கோடு. அதற்குப் பிறகு வந்த சொல்லையும் எழுத்தெழுத்தாக. காளியாயி திருப்பிச் சொன்னாள், உள்ளிருந்து தனுஷிகா அதைத் திருப்பிச் சொன்னாள், ஒரு தவறும் இல்லை.

“எண்டர்,” என்றான்.

“என்னமோ மளமளன்னு ஓடுதாம்,” என்றாள் காளியாயி. அத்தோடு போன் நின்றுவிட்டது.

லோரன்ஸ் திரும்ப எடுத்தான். கிடைக்கவில்லை. போன் கோபுரத்தில் கரண்ட் போயிருக்கும். பத்து நிமிடம். இருபது நிமிடம். யாரோ ஒருவர் வந்து, தன் மடிக்கணினியில் சத்தம் வரவில்லை, ஏன் என்று கேட்டார். லோரன்ஸ் அவரை நிமிர்ந்தும் பார்க்காமல், “சத்தத்த மூடி வச்சிருக்கீங்க, தெறங்க” என்றான். திட்டவே இல்லை. அந்த மனிதர் ஏதோ தவறு நடந்துவிட்டதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

“இன்னும் ரெண்டு கட்டளை இருக்கு நானா,” என்றான் என்னிடம். “அது தெரியாம அந்தப் புள்ள கண்டதத் தட்டுனா எல்லாம் போச்சு. அறுபத்தி மூனு புள்ளைங்களோட நிறை. ஆறு மாசக் கணக்கு அதுலதான் இருக்கு.”

“நேத்து அதச் சொல்லத்தானே அந்தப் புள்ள எடுத்தா?” என்றேன்.

அவன் போனைத் திரும்ப எடுத்துப் பார்த்தான். தேநீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. நான் இரக்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். பதினோரு வருடமாகப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவன் நான்.

பதினொன்றே கால் போல போன் அடித்தது. இந்தத் தடவை தனுஷிகாவே பேசினாள்.

“சார், படம் வந்திருச்சு. லிஸ்ட் இருக்கு. எல்லாம் அப்பிடியே இருக்கு.”

லோரன்ஸ் எழுந்து நின்றுவிட்டான். “எப்பிடி? நான் ரெண்டாவது கட்டளை சொல்லவே இல்லையே?”

“மளமளன்னு ஓடி நின்னுச்சு சார். கடைசியில பிழை இருக்கு, இத அடிச்சுப் பாருங்கன்னு அதுலயே எழுதியிருந்திச்சு. வாசிச்சேன். கொப்பியில எழுதிக்கிட்டு, எழுத்த ஒன்னொன்னா பாத்து அடிச்சேன். செய்யவான்னு கேட்டிச்சு. என்னென்னா அழிக்கப் போகுதுன்னு ஒரு லிஸ்ட் காட்டுச்சு, அதையும் வாசிச்சேன். ஒன்னும் அழிக்கலன்னு இருந்திச்சு. அப்பறம்தான் ஆமா அடிச்சேன். முடிஞ்சதும் நிப்பாட்டிப் போட்டேன். வந்திருச்சு.”

சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் பார்க்கவில்லை. லோரன்சும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பார்க்காமல் இருந்தது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

“நல்லது,” என்றான் அவன். அந்தச் சொல் வெளியே வருவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டது. “இன்னும் ஒன்னே ஒன்னு இருக்கு. ஒரு வரி சொல்றேன், அடிச்சிருங்க.”

“அது எதுக்கு சார்?”

முன்பென்றால் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வந்திருக்கும், அதை இங்கே எழுத முடியாது. லோரன்ஸ் நெற்றியைத் தடவினான்.

“நான் இங்க இருந்து உள்ள வர்ற வழி மூடியிருக்கு. அதத் தெறக்கணும்.”

“யாரு மூடுனா?”

“நான்தான்.”

“தெரியாமயா சார்?”

“...கேட்டிச்சு. இதப் போட்டா ஒன்னோட தொடர்பே அறுந்து போகலாம், போடவான்னு கேட்டிச்சு.”

“நீங்க?”

“ஆமான்னு தட்டிட்டேன்.”

“வாசிக்கலயா சார்?”

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். காளியாயி எங்கேயோ பக்கத்தில் நின்று, “என்னாவாம்? என்னாவாம்?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“சார்,” என்றாள் தனுஷிகா, “அது மூடியே இருக்கட்டும். பாதை தெறந்ததும் நீங்க வாங்க. வந்து, எம் முன்னுக்கு இருந்து செய்ங்க. நான் லிஸ்ட் அனுப்பப் போறேன், கரண்ட் போறதுக்குள்ள.”

பன்னிரண்டு மணிக்கு லிஸ்ட் போய்விட்டதென்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

பாதையைத் துப்புரவாக்க ஐந்து நாள் எடுத்தது. ஆறாம் நாள் லோரன்ஸ் பையோடு பஸ் ஏறினான். பகல் பன்னிரண்டரைக்கு மடுவத்துக்குப் போயிருக்கிறான். காளியாயி வாசலிலேயே மறித்துவிட்டாளாம். பிள்ளைகள் தூங்குகிற நேரம், இரண்டு மணிக்குத்தான் எழும்பும், செருப்புச் சத்தம்கூட ஆகாது என்று. ஒன்றரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை உட்காருகிற ஒரு குட்டி நாற்காலியை அவள் கொண்டுவந்து கொடுத்ததாகவும், அதில் உட்கார மறுத்துவிட்டதாகவும் அவனே சொன்னான். பிறகு மழை வலுத்ததும் உட்கார்ந்தானாம்.

அந்த வழியைத் தனுஷிகா இன்றுவரை திறக்கவில்லை. மாதத்தில் முதல் சனிக்கிழமை அவன் பஸ் ஏறிப் போகிறான். அவள் பக்கத்தில் கொப்பியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளைக்கும் இது என்ன, எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். பக்கத்துப் பிரிவு மடுவங்கள் இரண்டுக்கும் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அதே நாடா, அதே ஐந்து பேச்சு. அந்த டீச்சர்மார் இப்போது லோரன்சுக்குப் போன் எடுப்பதில்லை. தனுஷிகாவுக்குத்தான் எடுக்கிறார்கள். அவள் தெரிந்ததைச் சொல்கிறாள், தெரியாததைத் தெரியாது என்கிறாள்.

கொட்டகலையில் கதை வேறு மாதிரி. இங்கே யாராவது வெள்ளைப்பாறை விசயத்தைக் கேட்டால், லோரன்ஸ் தலையைச் சாய்த்துக்கொண்டு, “பாதுகாப்புக்காக ரிமோட் வழிய நான்தான் மூடி வச்சிருக்கேன். தொலவில இருந்து உள்ள போற வழிய கண்டபடி தெறந்து வைக்கிறது முட்டாத்தனம்” என்கிறான். நான் இந்தப் பக்கம் இருந்து இருமுவேன். அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

ஆள் திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வாரம்கூட ஒரு வங்கி உத்தியோகத்தர், திரை வெளிச்சம் குறைந்துபோனதற்குப் பெட்டியையே மாற்ற வேண்டுமா என்று கேட்டு, அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அழாத குறையாகப் போனார். வெள்ளைப்பாறையிலிருந்து யாராவது பழுதான பெட்டியோடு வந்தால் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டு, “டீச்சர் பாத்தாங்களா?” என்று கேட்கிறான். பார்த்தார்கள், முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள் என்றால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறான். அதை மரியாதை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அது பயம்போலத் தெரிகிறது.